பேர் வைக்காத பிள்ளை

போன வருடம் வைகாசியில், ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். ஒருநாள் பழைய கோயில் பார்க்கலாம் என்று மகள் அழைத்துப் போனாள். போய்ப் பார்த்தால், கூரை விழுந்துபோன ஒரு கிறிஸ்தவ மடாலயம், சுற்றிலும் கல்லறைகள்!

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இங்கனயா கூட்டிட்டு வருவே? வீட்டுக்குப் போனதும் தலை முழுகணும்" என்று சத்தம் போட்டேன். எங்கள் சைவக் குடும்பங்களில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகும் வழக்கமில்லை.

பாசி படிந்த ஒரு சின்னக் கல்லின் முன் யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள். மகள் எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தாள். "பச்சப்பிள்ளம்மா. பேருகூட வைக்கல. இன்னாரோட மகன்னு மட்டும் போட்டிருக்கு."

இவளுக்கு முன்னால் எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அம்பாசமுத்திரத்தில் என் பிறந்த வீட்டில், பேர் வைப்பதற்குள் போய்விட்டது. மகளுக்குக்கூட இது தெரியாது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்த் தாமிரபரணிக் கரையில் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அழாதட்டி. ஊருக்குப் போனதும் நம்ம பிள்ள இருக்க இடத்தைக் காட்டுதேன்" என்றார். அந்தக் குழந்தையைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான்.

சொன்னபடியே அழைத்துப் போனார். இத்தனை வருடத்தில் எத்தனை வெள்ளம் வந்திருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். அவரோ தயங்காமல் நேரே போய் ஒரு மருத மரத்தடியில் நின்றார். "குளிக்க வரும்போதெல்லாம் இங்கன செத்த நேரம் நின்னுட்டுத்தான் வருவேன். நீ மறந்திருந்தா எதுக்குக் கிளறணும்னு சொல்லல."

என் பிறந்த வீட்டுக்கு வந்தால் ஆற்றுக்குப் போன மனிதர் லேசில் திரும்ப மாட்டார். சோறு ஆறிப்போகிறது, அப்படி என்னதான் குளிப்பு என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! கொண்டுபோன பிச்சிப்பூவை மரத்தடியில் வைத்தேன். இருவரும் ஆற்றில் முங்கி எழுந்தோம்.

இப்போதும் பஸ் அந்தப் பாலத்தில் ஏறினால் ஜன்னல் வழியே பார்க்கிறேன். ஆனால் தேடுவதில்லை, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிட்ட தாய்க்கு அந்த ஒரு கரை போதும்.