தண்ணீர்ப் பந்தல் கல்லில் விடுபட்ட முகவரி

ஒரு கம்பெனி எந்த ஊரில் குடியிருக்கிறது? மனிதனென்றால் கொடியில் காயும் கைலியைப் பார்த்துச் சொல்லிவிடலாம், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்துச் சொல்லலாம். கம்பெனிக்குச் செருப்பு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், யாங்கூனில் பசுந்தாங்கிலிருந்து ஸ்டிராண்ட் சாலை வரை இந்தக் கேள்வியோடு நான் நடந்துகொண்டே இருந்த ஒரு மழைக்காலம் உண்டு. காரணம் என் தங்கையின் வலது கை.

பசுந்தாங் ஓடைக்கரையில், சமோசாவுக்கு மாவுத்தாள் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் சின்னப் பட்டறை ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். மாவுருண்டையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் துணிபோல இறங்கும். வெளிநாட்டு இயந்திரம். ஆபத்தென்றால் நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான். அதைச் செய்து விற்ற கம்பெனியின் போட்டாதாங் ஆபீஸிலிருந்து, ஊருக்குள்ளேதான், மாதாமாதம் ஒரு மெக்கானிக் வந்து எண்ணெய் போட்டுப் போவார். ஒரு முறை அந்தச் சிவப்புப் பொத்தானைக் கழற்றிப் புதிது மாட்டினார். அடுத்த பத்தாம் நாள் தங்கையின் விரல்கள் உருளைக்குள் போயின. இடது கையால் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அது தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. மூன்று விரல்கள் போய்விட்டன.

நாங்கள் கம்பெனிக்கு எழுதினோம். மரியாதையான பதில் வந்தது. இயந்திரத்தை எங்கள் நாட்டுத் துறைமுகத்திலேயே விற்று முடித்துவிட்டோம், யாங்கூனில் எங்களுக்கு அலுவலகம் இல்லை, நீங்கள் சொல்லும் மெக்கானிக் எங்கள் ஆள் இல்லை, வழக்கு இருந்தால் எங்கள் நாட்டு நீதிமன்றத்துக்கு வரலாம்.

வரலாம்! ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில் பிறந்து, பசுந்தாங் பாலத்தைத் தினம் இரண்டு தரம் தாண்டுவதையே பயணமாகக் கொண்டவள் என் தங்கை. பாஸ்போர்ட் கிடையாது. இங்கே கதவு அடைத்தால் அவளுக்கு எங்கேயும் கதவு இல்லை.

எங்கள் வழக்கறிஞர் வயதானவர். அப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு அவர் வக்கீல் பாய். கோர்ட்டுக்கு எதிர்த் தேநீர்க்கடையில், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து விளக்கினார்.

"வெள்ளைக்காரன் போட்ட சட்டந்தான் தம்பி, இன்னும் அதே. எதிராளி எங்க இருக்கான், எங்க தொழில் பண்றான், சம்பவம் எங்க நடந்துச்சு. இதத்தான் ஜட்ஜு கேப்பாங்க."

"சம்பவம் இங்கதானே பாய் நடந்துச்சு?" என்றேன்.

"விரல் இங்கதான் போச்சு. தப்பு எங்க நடந்துச்சுன்னு அவன் கேப்பான். மிஷினத் தப்பா வச்சுருந்தது பட்டறைக்காரர், நாங்க கடலுக்கு அந்தாண்ட இருக்கோம்பான். அந்த மெக்கானிக்க அனுப்பிச்ச ஆபீஸு இவன் ஆபீஸுதான்னு காட்டணும். காட்டிட்டா அவன் இந்த ஊர்க்காரன் மாதிரித்தான், வந்து பதில் சொல்லித்தான் ஆகணும்."

தங்கை தேநீரை இடது கையால் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பாய். அந்தப் பொத்தான் ஏன் நிக்கலேன்னு ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான்."

அன்றே போட்டாதாங் போனேன். மூன்றாம் மாடி, முன்பொரு முறை ஏறிய படிகள்தான். கதவோரச் சுவரில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். துளைகளைச் சுற்றி மட்டும் சுவர் வெளுப்பாக இருந்தது, கட்டுப் பிரித்த தோல்போல. கீழே படகுத்துறையில் சங்கு ஊதியது. வீட்டுக்காரர் யாரையும் தெரியாது என்றார். நான்கு துளைகளைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியுமா?

முதல் விசாரணையில் கம்பெனிக்காக வந்தது ஓர் இளம் பர்மிய வழக்கறிஞர். மென்மையான குரல். கோப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீதிபதியிடம் கொடுத்தார். பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

எங்கள் அம்மன் கோயில் வாசலில் உள்ள தண்ணீர்ப் பந்தல் அது. இந்த ஊரில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். நிழலில் நான்கு பானை, மூடிமேல் டம்ளர், யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். பந்தலில் தருமம் செய்தவரின் பெயரும் தெருவும் பேட்டையும் பொறித்திருக்கும். குடித்தவர் அதைப் படித்துவிட்டுத் 'தாடு' என்பார், நல்லது என்று. புண்ணியம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் முகவரி இருக்க வேண்டும். பர்மியர் வழக்கந்தான், எங்களுக்கும் எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பந்தலைக் கட்டிக் கொடுத்தது இதே கம்பெனி, விபத்துக்கு இரண்டு கோடைக்கு முன்னால். கல்லில் பொறிக்கும் வாசகத்தைத் தமிழிலும் பர்மியத்திலும் எழுதித் தரச் சொல்லிக் கோயில்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான்தானே பேட்டையில் எழுதுகிறவன்.

வழக்கறிஞர் பர்மிய வரியை வாசித்தார். "கடலுக்கு அப்பால் வாழ்ந்தாலும் எங்கள் தாகம் அறிந்தவர்கள்." பிறகு நிதானமாகச் சொன்னார்: "தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களே எழுதியிருக்கிறார்கள், எங்கள் கட்சிக்காரர் கடலுக்கு அப்பால் இருப்பவர் என்று."

வாய்தா போட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தின்மேல் நெரிசலில் நின்றோம். கீழே ஓடை மழையில் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன்.

"பந்தல் கல்லுக்குக் கம்பெனிக்காரங்க குடுத்த சீட்டுல விலாசம் இருந்துச்சும்மா. போட்டாதாங் விலாசம். நாந்தான் எடுத்துட்டேன்."

"ஏண்ணே?"

"மூணாவது மாடி, ரூம் நம்பருன்னு கல்லுல இருந்தா நல்லா இருக்காதுன்னு..."

அவள் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு கைய மிஷினு எடுத்துச்சு. இன்னொரு கைய உன் கவித கேக்குது." முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தாள். தமிழ் புரிந்தவளாக இருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தங்கையும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் வரவில்லை.

"அந்தச் சீட்டு எங்க?" என்று கேட்டாள் பிறகு.

எங்கே? நான் வெள்ளைத் தாளில் எழுதுகிறவனில்லை. வெள்ளைத் தாள் என்னை மிரட்டும். ரசீதின் பின்புறம், மருந்துச் சீட்டின் பின்புறம், கல்யாணப் பத்திரிகையின் உட்பக்கம் என்று கிடைத்ததில் எழுதி, தகரப் பெட்டியில் போட்டு வைப்பேன். நாலைந்து வருடக் கிறுக்கல். மறுநாள் காலை அவளும் வந்து உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு தாளாக எடுத்து என் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன், மழையைப் பற்றி, படகைப் பற்றி. அவள் என் கையிலிருந்து பிடுங்கினாள். "நீ இந்தப் பக்கம் படிக்காத. திருப்பிப் பாரு, திருப்பிப் பாரு."

அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பக்கம் அந்த வரி, நான்கு தரம் அடித்துத் திருத்திய கோலத்தில். திருப்பினால் கம்பெனியின் பெயர் அச்சடித்த தாள், கீழே போட்டாதாங் முகவரி, மூன்றாம் மாடி. நடுவே மேனேஜர் கைப்படப் பர்மியத்தில் எழுதியிருந்தது: 'யாங்கூன் சர்வீஸ் ஆபீஸ் சார்பில்.' கையெழுத்தும் இருந்தது.

அடுத்த வாய்தாவில் நான் கூண்டில் ஏறினேன். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்திருந்தார். எல்லாம் பர்மியத்தில்தான் நடந்தது.

"முகவரியை ஏன் எடுத்தீங்க, செயா?" எழுதுகிறவன் என்பதால் அந்த மரியாதை. ஆசிரியரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஓசை சரியா வரலைங்க."

"ஓசையா?"

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கம்பெனி வழக்கறிஞர் எழுந்தார். "அப்படியானால் கல்லில் பொய் எழுதினீர்களா?"

என் வரிகளில் எனக்குப் பிடித்த வரி அது. அதைச் சொல்லிக் காட்டித் தேநீர்க்கடையில் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். கூண்டின் கம்பைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க. அவங்க கடலுக்கு அப்பால இல்ல. மூணாவது மாடில இருந்தாங்க. அந்தப் படியேறித்தான் நான் சீட்டு வாங்கினேன்."

நீதிபதி தாளை ஒரு பக்கம் படித்தார், திருப்பி மறுபக்கமும் படித்தார். பிறகு கோப்பில் சேர்க்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. கம்பெனி இந்த ஊரில் ஆபீஸ் வைத்துத் தொழில் செய்திருக்கிறது, வழக்குக்குக் காரணமான வேலையும் அந்த ஆபீஸ் வழியாகவே நடந்ததாகச் சொல்லப்படுகிறது, ஆகவே இந்த நீதிமன்றமே விசாரிக்கும். தங்கைக்கு வரிக்கு வரி விளங்க வேண்டுமென்று பாய் தமிழில் சொன்னார்.

"ஜெயிச்சுட்டமா பாய்?"

"இல்லம்மா. கதவு தொறந்துருக்கு. இனிமேதான் உள்ள போறோம்."

"அந்தப் பொத்தான் மாட்டுனவரு வருவாரா?"

"சம்மன் போகும். தேடிப் புடிச்சுக் கூட்டியாறது அவங்க பாடு."

அவள் தலையாட்டிக்கொண்டாள். வெகுநாளாக மடித்து மறைத்தே வைத்திருந்த வலது கையைத் தேநீர்க்கடை மேசைமேல் வைத்து, ஈரமான கண்ணாடி டம்ளரை நகர்த்தினாள்.

கோயில்காரர்களிடம் அனுமதி கேட்டு, மழை விட்ட ஒரு காலையில் கல்வெட்டுகிற பர்மியரைக் கூட்டி வந்தேன். அதே கல்லில், என் வரிக்குக் கீழே இடம் இருந்தது. என் வரியைச் செதுக்கி எடுத்துவிடலாமா என்றும் கேட்டேன். எடுத்தால் கல் பிளந்துபோகும் என்றார். சரி, கிடக்கட்டும். முகவரி மட்டும் ஏறியது, பர்மியத்தில், கொஞ்சம் சாய்வாக.

"மூணாவது மாடி போட்டாரா?" என்று தங்கை எட்டிப் பார்த்தாள்.

"போட்டாச்சு."

"ரூம் நம்பரு?"

"அதுவும்."

உளியின் தூசி பறந்து பானை மூடிமேல் படிந்திருந்தது. அவள் முந்தானையால் துடைத்து, இடது கையால் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். புதிய வரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பழக்கம் விடுமா, "தாடு" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவனுங்களுக்கா சொன்னே?" என்றேன்.

"தண்ணிக்குச் சொன்னேன்," என்றாள். "அவங்கிட்ட கேக்க வேண்டியத செவ்வாக்கெழம கோர்ட்டுல கேட்டுக்கறேன். நீ வா, பஸ்ஸு வருது."