உடைக்க ஒன்று, கட்ட ஒன்று

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிற நம்மவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் ஈசானி மூலையில் இருக்கிற முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு அவர்கள் பார்வை அதே சுவரின் மறு மூலைக்குப் போகும். அங்கே தூணில், தலைக்கு மேலே, சிவப்புத் துணி சுற்றிய ஒரு முழுத் தேங்காய் காம்போடு தொங்கிக்கொண்டிருக்கும்.

"இது பர்மாக்காரங்க வீட்ல கட்றதாச்சே, உங்க வீட்ல எதுக்குக்கா?" என்று கேட்பார்கள். ஒருவர், "நீங்க அந்தப் பக்கம் போயிட்டீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

நான் எங்கும் போகவில்லை. அந்த முருகன் சாட்சியாகச் சொல்கிறேன். ஆனால் அந்தத் தேங்காயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இந்த வீட்டை வாங்கின கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பு பர்மாவில், இன்சீன் ஊருக்குக் கொஞ்சம் முன்னால், வட்ட ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. பெரிய யுத்தத்தில் குண்டு விழுந்த ஊர் திரும்ப எழும்பின காலத்தில், சர்க்கார் வேலைக்காரர்கள் குடியிருக்கக் கட்டினது. இடுப்பு உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேலே பலகை, தலைக்குத் தகரம். எல்லாம் ஒரே அச்சு. பிறகு குடியிருந்தவர்களுக்கே சொந்தமானது. ஒருவர் மாடி எடுத்தார், ஒருவர் வாசலை அடைத்துக் கடை வைத்தார், ஒருவர் பலகையைப் பிடுங்கிவிட்டு வழவழவென்று ஓடு பதித்தார். இன்றைக்கு ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு கிடையாது. மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி எல்லார் வாசலிலும் ஒன்று போல நிற்கும்போதுதான் எல்லாம் ஒரே குடியிருப்பு என்று ஞாபகம் வரும்.

நாங்கள் இங்கே வாடகைக்கு வந்தோம். இந்த வீட்டின் பின் பாதிதான் எங்களுக்கு. முன் பாதியில் வீட்டுக்கார அம்மா இருந்தார். பர்மாக்காரர், புத்தரைக் கும்பிடுகிறவர், கணவர் இறந்து தனியாக இருந்தவர். நாங்கள் அவரை 'அமே' என்று கூப்பிடுவோம். பர்மா பாஷையில் அம்மா என்று அர்த்தம். என்னை அவர் 'தமீ' என்பார், மகளே என்று. எங்கள் பேச்செல்லாம் பர்மா பாஷையில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். விடியற்காலையில் அவர் பாலி மந்திரம் சொல்வது எனக்குக் கேட்கும். நான் விளக்கேற்றி மணி அடிப்பது அவருக்குக் கேட்கும். அதற்குப் பிறகுதான் நான் மாவுத் தூக்கை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்த் தோசைக் கடை போடுவேன். என்றைக்காவது மணிச் சத்தம் தாமதமானால் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"தமீ, உன் மயில்காரர் இன்னும் எழுந்திருக்கலையா?"

"அவர் எழுந்தாச்சு அமே. நான்தான் எழுந்திருக்கலை."

இப்படியே எங்கள் பெண் பிறந்து, படித்து, லைங் தாயாவில் தையல் தொழிற்சாலைக்கு வேலைக்கும் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் லத்தாவில் மசாலா மொத்தக் கடையில் எடை போடுகிறார். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்தால் மல்லியும் மிளகாயும் கூடவே வரும், அமே பலகைக்கு அப்பால் தும்முவார்.

ஒரு மழைக்காலம் முடியும்போது அமேக்கு முழங்கால் மோசமானது. ப்ரோமில் இருக்கிற மகன் வந்து, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யார் வாங்கினாலும் வீட்டை இடித்துத்தான் கட்டுவார்கள். நாங்கள் போக வேண்டும். போவதென்றால் லைங் தாயா பக்கம் மூன்று பேரும் ஒரே அறைக்குள் அடைந்து கிடக்கிற இடம்தான் எங்கள் சக்திக்குக் கிடைக்கும். என் தோசைக் கடையும் போய்விடும். அதைவிட, இத்தனை வருஷம் விளக்கு எரிந்த இடத்தை விட்டுப் போக மனசு ஒப்பவில்லை.

ஆனால் அமே எங்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கே தர்றேன்" என்றார். காசு விஷயத்தை அவர் மகனோடு பேசி, என் நகை, பெண்ணின் சேமிப்பு, வீட்டுக்காரரின் முதலாளி செய்த உதவி என்று எப்படியோ கூட்டிவிட்டோம். அதை எழுதி என்ன. கடவுள் கண் திறந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை எனக்கு வேணும்" என்றார் அமே. தூணில் தொங்கின தேங்காயைக் காட்டினார். "இதைக் கழட்டித் தூர எறியக் கூடாது. காம்பு காஞ்சு போனா வேற கட்டணும். கிட்டத்துல நெருப்பு கொண்டு போகக் கூடாது."

இந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்த விஷயம். வீட்டைக் காக்கிற நாத் அவர், அதாவது காவல் தேவதை. ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர். ராஜா அவரை மரத்தில் கட்டி எரித்துவிட்டாராம். எரிந்த உடம்புக்குக் குளிர்ச்சியாகத்தான் தண்ணீரோடு இருக்கிற தேங்காய். வீட்டின் தென்கிழக்குத் தூணில் கட்டுவார்கள். அது வீட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. ப்ரோமில் மகன் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. கோடி வீட்டை வாங்கின புதுசுக்காரர்கள் அங்கே இருந்ததைக் குப்பைமேட்டில் போட்டுவிட, அமேதான் எடுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். அந்தப் பயம் அவருக்கு இருந்தது.

"சரி அமே, அப்படியே செய்றோம்" என்றார் என் வீட்டுக்காரர், அமே சொல்லி முடிக்கிறதுக்குள்ளே.

தென்கிழக்கு என்றால் நமக்கு அக்கினி மூலை. புது வீட்டில் பால் காய்ச்சுகிற இடம். முதல் நெருப்பு மூட்டுகிற இடமே அதுதான்.

எங்கள் பாதிக்கு வந்ததும் நான் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "இப்ப சரின்னு சொல்லி வைப்போம். அவங்க ஊருக்குப் போன பிறகு நம்ம வீடு, நம்ம இஷ்டம்" என்றார்.

"மெதுவா பேசுங்க. பலகைதானே."

"தமிழ் அவங்களுக்குப் புரியாது."

"அப்ப புரியுதுன்னு நெனச்சுப் பேசுங்க" என்றேன். அவர் குளிக்கப் போய்விட்டார்.

கோயிலுக்குப் போய்ப் பூசாரி ஐயாவிடம் கேட்டேன். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "தினமும் விளக்கு ஏத்த ஈசானி மூலை இருக்கு, அதுல ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா பால் அக்கினி மூலையில காய்ச்சினாதான் முறை. அந்தத் தேங்காயை, அந்தம்மா போன பிறகு, மரியாதையா ஆத்துல விட்டுடுங்கம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"முருகனுக்குத் தெரியுமே, ஐயா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "அது சரி" என்றார். பிறகு தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தோசைக் கடையை முடித்துக்கொண்டு நேரே அமேயிடம் போனேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"அமே, அந்தத் தேங்காய் அங்கேயே இருக்கும். காஞ்சா வேற வாங்கிக் கட்டுவேன். ஆனா நான் அதைக் கும்பிட மாட்டேன். குடி வர அன்னைக்கு அதே மூலையில நாங்க அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சணும். நெருப்பு கிட்ட வராதுன்னு என் வீட்டுக்காரர் சொன்னது பொய். பொய் சொல்லி வாங்கின வீட்ல என்னால விளக்கு ஏத்த முடியாது."

அமே தைலம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போ தமீ, உன் மாவு புளிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில நாள் பலகைக்கு அப்பாலிருந்து மயில்காரரைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. ஒரு தரகர், செருப்புக் காலோடு உள்ளே வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, நாடா பிடித்து வீட்டை அளந்தார். எங்கள் சமையல் கட்டையும் அளந்தார். நான் அடுப்பை விட்டு விலகி நின்று வழி விட்டேன்.

பெண்ணுக்கு ஆத்திரம். தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கினவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல அம்மா? எல்லாத்துக்கும் முருகனைக் கூப்பிடாத. வாடகைக்கு அறை தேட அவர் வருவாரா?" என்று பாதி தமிழும் பாதி பர்மாவுமாகக் கத்தினாள். நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, நீ கொடுத்தா இருக்கேன், எடுத்தா போறேன் என்று கும்பிட்டேன். அன்றைக்கு வேறு வேண்டுதல் வாயில் வரவில்லை.

ஒரு காலையில் மணி அடித்து முடிக்கும்போது பலகையைத் தட்டுகிற சத்தம்.

"தமீ, உன் மயில்காரருக்கு எத்தனை மணிக்குக் காது சும்மா இருக்கும்? கொஞ்சம் இங்க வா."

போனேன். அமே ஒரு முக்காலியைத் தூணுக்குக் கீழே போட்டு வைத்திருந்தார்.

"தடின்ஜுட் விளக்குப் பண்டிகை வந்தா எங்க அம்மா என்ன செய்வாங்கன்னு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன்" என்றார். "வீடு முழுக்க மெழுகுவத்தி ஏத்துவோமே. அதுக்கு முன்னால அம்மா இதைக் கழட்டி வெளியே கொண்டு போயிடுவாங்க. சூடு ஆறின பிறகு திரும்பக் கட்டுவாங்க. நான்தான் வயசாகி, மெழுகுவத்தியை வாசலோட நிறுத்திட்டேன். அதனால மறந்துபோச்சு. உன் பால் பொங்குற வரைக்கும் இவர் வெளியில இருப்பார். அன்னைக்கு நானும் இருக்கேன். மகன்கிட்ட சொல்லிட்டேன், அதுக்குப் பிறகுதான் வருவேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி முக்காலியைத் துடைத்தார்.

"உன் வீட்டுக்காரர் சரின்னு சொன்ன அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை. அவ்வளவு சுலபமா யார் சரி சொல்வாங்க? நீ வந்து முடியாதுன்னு சொன்ன பிறகுதான் தூங்கினேன்."

"அப்புறம் ஏன் அமே அந்த ஆளை அளக்க விட்டீங்க?"

"மகன் அனுப்பின தரகர். வந்தவரைப் போன்னு சொல்றதுக்குள்ள அளந்துட்டார். அளந்தா வீடு குறையவா போவுது?"

குடி போகிற நாளுக்கு முன்னால் இன்சீன் பஜாரில் தேங்காய்க்காரியிடம் போனேன். அவள் எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே, "உடைக்கவா, கட்டவா?" என்று கேட்டாள். கட்டுகிற தேங்காய்க்குக் காம்பு பச்சையாக, உடையாமல் இருக்க வேண்டும்.

"உடைக்க ஒண்ணு, கட்ட ஒண்ணு" என்றேன்.

அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை. இரண்டையும் காதோரம் ஆட்டிப் பார்த்துத் தனித்தனிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

நல்ல நேரம் அதிகாலையில் இருந்தது. முன்னாலேயே வீட்டுக்காரர் நடுப்பலகையில் பாதியைக் கழற்றியிருந்தார். இரண்டு பாதியும் ஒரே வீடாகி, வாசலில் நின்றால் கொல்லைப்புறம் வரை தெரிந்தது. மாவிலை கட்டி, கோலம் போட்டு, வாசலில் தேங்காயை உடைத்தோம். அதற்கு முன்பே அமே காம்பு காய்ந்திருந்த பழைய தேங்காயைத் தன் கையால் கழற்றி, மரத்தடியில் கொண்டுபோய் வைப்பதற்காக எடுத்து வைத்துவிட்டார். புதுத் தேங்காய்க்குச் சிவப்புத் துணியைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு விசிறி. வெயிலே இல்லை. இருந்தாலும் மடியிலிருந்த தேங்காய்க்கு மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார்.

அக்கினி மூலையில் மூன்று செங்கல் வைத்து நெருப்பு மூட்டினேன். பூசாரி ஐயா மந்திரம் சொன்னார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. என் பெண்தான் முதலில் "முருகா" என்றாள்.

"பொங்கிடுச்சா?" வெளியிலிருந்து குரல்.

"பொங்கிடுச்சு அமே."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கே."

"அப்ப நல்லது. எனக்குச் சர்க்கரை போடாதே."

ஒரு டம்ளர் பால் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. சாம்பலை அள்ளியாச்சா, தரையில் தண்ணீர் தெளித்தாச்சா என்று கேட்டார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, குனிய முடியாமல் குனிந்து, அடுப்பு இருந்த இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது.

"காத்திருப்போம்" என்றார்.

எல்லாரும் காத்திருந்தோம். பூசாரி ஐயாவும் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், திரும்ப உட்கார்ந்தார். தரை ஆறின பிறகு என் வீட்டுக்காரர் முக்காலியில் ஏறினார். அமே தேங்காயை எடுத்து நீட்டினார், காம்பு மேலே இருக்கணும், மேலே இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே. என் வீட்டுக்காரர் வாங்கிக் கட்டினார். நான் கும்பிடவில்லை. முக்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.