பத்தியமில்லாத மருந்து

எங்கள் வீட்டில் கொஞ்சக் காலம் ஸ்ரோபெரி பழமாக இருக்கவில்லை, மருந்தாக இருந்தது. விடியற்காலையில், வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு முன்பாக அம்மா அதை ஒரு கிண்ணத்தில் நீட்டுவார். அப்பா குசினி அடுப்படியில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கி, மேலே இரண்டு மிடறு தண்ணீர் குடிப்பார்.

அது 2011. சிட்னியில், செவன் ஹில்ஸில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா பஸ் ஓட்டினார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மாத்திரைக்கு அது அடங்கவில்லை. இப்படியே போனால் இன்சுலின் ஊசி போட வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னார். ஊசிக்கு மாறினால் பஸ் லைசென்சை மறுபடி பரிசீலிப்பார்கள், விசேட வைத்தியர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை ஓட்ட முடியாமல் போகலாம் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஆனால் டொக்டரின் அறைக்குள் அவர் எந்த மொழியிலும் பேசுவதில்லை. சுவரில் ஒட்டியிருந்த காதின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நான் முடிவுகட்டினேன். எனக்கும் ஊசி என்றால் பயம். அதனால் அவர்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது.

மாத்திரையை விடாமல் போடுங்கள், இனிப்புக்கு மனம் போகும் நேரத்தில் ஒரு கைப்பிடி ஸ்ரோபெரியோ புளூபெரியோ சாப்பிடுங்கள், சீனிக்கு உதவும் என்றார் டொக்டர். நான் முழுவதையும்தான் சொன்னேன். அம்மாவிடம் தங்கியது கடைசிப் பகுதி மட்டும்.

அம்மா அறிந்த கைமருந்து ஒவ்வொன்றுக்கும் பத்தியம் உண்டு. ஒன்றைக் குடித்தால் கத்தரிக்காய் கூடாது, இன்னொன்றைத் தின்றால் நண்டு கூடாது. டொக்டரோ பத்தியம் எதையும் சொல்லவில்லை. ஆகவே இது உயர்ந்த ரக மருந்தாகத்தான் இருக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, பத்தியமில்லாத மருந்து. குடுத்து வைச்சனீங்கள்" என்றார் அம்மா அப்பாவிடம்.

அப்பா இந்த ஏற்பாட்டை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். காலையில் பெரிப்பழம், அதற்குப்பின் சீனி போட்ட தேத்தண்ணி, இடியப்பம், சம்பல். எங்காவது விருந்துக்குப் போனால் அம்மாவின் கைப்பையில் புளூபெரிப் பெட்டி இருக்கும். கெல்லிவில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில் அந்த வீட்டு அன்ரி கேக் தட்டோடு அப்பாவுக்கு முன்னால் வந்து தயங்கி நின்றார்.

"அண்ணைக்குச் சீனியெல்லோ? ஒரு சின்னத் துண்டு தரட்டே?"

"நான் மருந்து போட்டிட்டன் தங்கச்சி" என்றார் அப்பா. "நீங்கள் பயப்படாமல் வெட்டுங்கோ."

அன்ரி பயப்படாமல் வெட்டினார். அந்தத் துண்டின் மேலேயும் ஒரு ஸ்ரோபெரி இருந்தது. அதை அம்மா மேலதிக மருந்தாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி முன்பைவிட ஏறியிருந்தது. அம்மா அதைத் தன் மேல் சுமத்திய பழியாகவே எடுத்தார்.

"நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை எண்டு சொல்லு பிள்ளை. விடிய முதல் வேலை அதுதான் எண்டு சொல்லு."

சொன்னேன். டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். நான் அதைத் தமிழாக்கினேன்: "எதுக்குப் பதிலாச் சாப்பிடுறார் எண்டு கேக்கிறா."

"பதிலாவோ?" அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புதினமாக இருந்தது. "ஒண்டுக்கும் பதிலா இல்லை. எல்லாத்தோடையும்தான்."

அதையும் சொன்னேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, முதலிலிருந்து, மெதுவாக விளக்கினார். பழம் உள்ளே போய்ச் சீனியைப் பிடித்து வெளியே தள்ளாது. பிஸ்கட்டையும் கேக்கையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால்தான் பலன். மாத்திரையின் அளவையும் மாற்றி எழுதித் தந்தார். அடுத்த பரிசோதனையிலும் குறையாவிட்டால் ஊசிதான் என்றார்.

அம்மா மடியிலிருந்த கைப்பையைத் திறந்து புளூபெரிப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப இது மருந்தில்லை. இதுதான் பத்தியம்" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "கேட்டனீங்களே?"

"கேட்டன்" என்றார் அப்பா. அந்த அறையில் அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அன்று மாலையே பிஸ்கட் டின் வீட்டைவிட்டுப் போனது. தேத்தண்ணி சீனியை இழந்தது. வேலையால் வரும் அப்பாவுக்கு இனிப்பில்லாத தயிரும் அதன்மேல் உறைந்த பெரிப்பழமும் காத்திருந்தன. வீட்டில் ஒருவருக்குப் பத்தியம் என்றால் எல்லோருக்கும் என்பது அம்மாவின் நீதி. ஒரு வருத்தமும் இல்லாத நானும் தயிர் தின்றேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வெளியே கூட்டிப்போவதாகச் சொன்னார். கடற்கரை என்று நினைத்துத் தொப்பி போட்டுக்கொண்டேன். அவர் கூட்டிப்போனது, தினமும் தான் ஓட்டும் பாதையில் ஓடும் பஸ்ஸில். வேறொருவர் ஓட்டினார். நாங்கள் முன் இருக்கையில் இருந்தோம். இந்த வளைவில் முன்கூட்டியே பிரேக்கைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் நிற்கும் கிழவர்கள் சாய்ந்துவிடுவார்கள் என்றார். இந்தத் தரிப்பில் ஒரு மனுசி எப்போதும் பிந்தித்தான் ஓடிவரும், அதற்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பேன் என்றார். கடைசித் தரிப்பில் இறங்கி, சுவரோரமாக நின்று ஸ்ரோபெரி தின்றோம். சிவந்ததெல்லாம் எனக்கு, வெள்ளைக் கழுத்துள்ள புளிப்பெல்லாம் அவருக்கு.

"லீவிலையும் ஏனப்பா பஸ்?" என்று கேட்டேன்.

"சும்மாதான் பிள்ளை. ஒருக்காப் பயணியா இருந்து பாப்பம் எண்டு."

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சீனி இறங்கியிருந்தது; ஊசி தேவைப்படவில்லை. அதற்குப் பிறகும் பல வருடங்கள் அப்பா அதே பாதையில் ஓட்டினார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து செவன் ஹில்ஸில் இறங்கியதும் அவர் நடக்கவில்லை. கதவு மூடி, பஸ் நகர்ந்து, சந்தியில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸையே காணாத மனிதரைப்போல இப்படி நிற்கிறாரே, யாராவது என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு, அவர் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தேன்.