நான்காம் மாடியில் பதிவான பாட்டு

அந்த கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் இருப்பது என் கையெழுத்துதான். நீல மையில் 'நான்காம் மாடி, ஞாயிறு, வீட்டில் எடுத்தது' என்று எழுதி, பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன். இருபது வயதில் எனக்கு அவ்வளவு திமிர். அதில் ஒரே ஒரு பாட்டு, மூன்று நிமிடம் நாற்பது விநாடி. முதல் நிமிடம் முடிவதற்குள் ஒரு குழந்தை அழ ஆரம்பிக்கும், பாட்டு முடியும்வரை அழும். பாடுகிறவர் ஒரு கணம்கூட நிறுத்த மாட்டார். அந்த கேசட்டை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, டின்னை அலமாரியின் உச்சியில் ஏற்றி, நாற்பது வருஷம் வைத்திருந்தேன். எறியவும் மனசு வரவில்லை, கேட்கவும் துணிச்சல் இல்லை.

பாடுகிறவர் என் அத்தான், அக்காவின் கணவர். எழுபதுகளின் பிற்பாதியில் அக்காவைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூரில் கேலாங் பக்கம் நான்காம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். பகலில் கப்பல் பட்டறை வேலை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, காற்றில் ஓடும் சுத்தியலால் துருவைத் தட்டி எடுக்க வேண்டும். நாலா பக்கமும் இரும்புச் சுவர், சத்தம் வெளியே போக வழியே கிடையாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். வேர்வையில் நனைந்து அது விழுந்துவிட்டால் அப்படியே வேலை பார்ப்பார். வீடு திரும்பிக் குளித்ததும் கித்தாரை மடியில் எடுத்துக்கொள்வார். முடி காதை மூடித் தொங்கும். நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்த காலம் அது. அத்தான் வரிசையின் கடைசியில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பார். "நமக்கு என்ன அவசரம்லா" என்பார்.

பட்டறையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் டிரம்ஸ் வாசித்தார், பள்ளி ஆசிரியர் ஒருவர் பேஸ் கித்தார். மூன்றே பேர். வேறு பெயர் தோன்றாததால் வீடு இருந்த மாடியையே இசைக்குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் பயிற்சி. பங்குச் சாமியார் நல்ல மனுஷர், ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்வார்.

எனக்கோ அந்த நாளில் புதுக் குழுக்களைத் தேடிப் பிடிப்பதுதான் பைத்தியம். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வேலை முடிந்து எல்லாரும் போனபின் அங்கிருந்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் திருட்டுத்தனமாக இரண்டு பக்கத் தாள் ஒன்று அச்சடிப்பேன். 'புதுச் சத்தம்' என்று பெயர். சமூக மன்றம், கோயில் மண்டபம், ஞாயிறு மதிய நடனக் கூடம் என்று தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு அலைந்து, கேட்டதை எழுதுவேன். கேம்பல் லேனில் கேசட் கடை வைத்திருந்த பாயிடம் தாள்களைக் கொடுத்தால், "சினிமா பாட்டு பத்தி எழுதும்மா, நாலு பேரு படிப்பான். இத யாரு தொடுவா?" என்று அலுத்துக்கொண்டே கல்லாப் பக்கத்தில் வைப்பார். பாதித் தாள் கேசட் சுற்றித்தான் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்ட குழுக்களில் முக்கால்வாசி இரவல். ஒன்று சினிமாப் பாட்டு, இல்லையென்றால் ஆங்கில இசைத்தட்டை இருமல் முதற்கொண்டு அப்படியே வாசிப்பார்கள். அத்தான் மட்டும்தான் சொந்தச் சரக்கு. நாம் பேருந்து நிறுத்தத்தில் பேசுகிற தமிழிலேயே பாட்டுக் கட்டுவார். 'பஸ்ஸு வரல, மழ மட்டும் வந்துச்சு' என்று அவர் ஆரம்பித்தால் மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிற ஆள்கூட நின்று கேட்பான். இரவல் வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் ஒருவனுடைய சொந்த இசை என்று நான் பெரிய மேதாவி மாதிரி எழுதினேன். கழிப்பது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஏனென்றால் அத்தானின் பாட்டில் வருஷத்துக்கு வருஷம் ஏதாவது ஒன்று கழிந்துகொண்டே வந்தது. முதலில் மெல்லிய தந்தியில் அவர் வாசிக்கும் துள்ளலான இடங்கள் போயின. அடுத்து தந்திகளைத் தளர்த்தித் தளர்த்தி, கித்தாரின் குரலையே கீழே இறக்கினார். அதற்கப்புறம் ஒரு நாள் டிரம்ஸ்காரரின் வெண்கலத் தட்டுகளைக் கழற்றச் சொன்னார். "அது என்னாத்துக்குலா, சும்மா ஒரு கூச்சல்" என்றார். டிரம்ஸ்காரர் முணுமுணுத்தார், ஆனால் கழற்றினார். மிச்சம் இருந்தது தடித்த, இருண்ட ஒரு முழக்கம். கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். சிங்கப்பூரில் வேறு எவனுக்கும் அந்தச் சத்தம் கிடையாது. 'யாருக்கும் இல்லாத சத்தம்' என்று தலைப்பே போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து. அதனால் பயிற்சி வீட்டில் நடந்தது. டிரம்ஸ் மேல் துண்டுகளைப் போட்டு மூடினோம். அக்கா சாமான் வாங்கக் கீழே போயிருந்தாள். அவர்களுடைய ஆறு மாதக் குழந்தை உள்ளே தூங்கியது. நான் டேப் ரெக்கார்டரை மேசை மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் அத்தானைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் லேசான சிரிப்போடு பாடிக்கொண்டிருந்தார். ஆகா, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கியிருக்க வேண்டிய நான், உதட்டில் விரலை வைத்து டிரம்ஸ்காரரை வாசிக்கச் சொன்னேன். பெற்றவளாக இருந்தால் செய்திருப்பேனா?

அடுத்த இதழில், குழந்தையின் அழுகையையும் ஒரு வாத்தியமாகச் சேர்த்துக்கொண்ட துணிச்சல் என்று எழுதினேன். தாளை அத்தானிடம் கொடுத்தபோது படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது போல இருந்தது. பிறகு, "ஆமாலா, சும்மா முயற்சி பண்ணிப் பாத்தேன்" என்றார். அக்காவுக்குத்தான் பூரிப்பு. தாளை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

புதுக் குழுக்களுக்கென்று ஒரு மதிய நிகழ்ச்சி வருகிறது, இசைத்தட்டு போடுகிற நிறுவனத்து ஆள் ஒருவர் வருவார், மாதிரிக்கு ஒரு கேசட் அனுப்புங்கள் என்று தகவல் வந்தது. காத்தோங்கில் எங்கள் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ரெக்கார்டர்களை ஒயரால் இணைத்து, நாலு வருஷப் பாட்டையும் வரிசையாக ஒரே நாடாவுக்கு மாற்ற உட்கார்ந்தேன். பட்டப்பகல், வெளியே ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போகிறார். முதல் வருஷ நாடாவில் பாட்டின் நடுவே மண்டபத்துச் சமையலறையில் கெட்டில் விசிலடிக்கிறது. அத்தான் சட்டென்று நிறுத்துகிறார். "யாராச்சும் அடுப்ப பாருங்க, தண்ணி கொதிக்குது" என்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கோ மூலையில் அடித்த விசில். அந்த இடத்தை வெட்டிவிட்டு, இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் என்று ஏற்றிக்கொண்டே வந்தேன். மெல்லிய தந்தி போயிற்று, தட்டு போயிற்று. கடைசியில் இந்த கேசட். குழந்தை அழுதது, அத்தான் பாடினார். மூலையில் அடித்த விசிலுக்கே நிறுத்திய மனுஷர், திரைக்குப் பின்னால் அழும் சொந்தக் குழந்தைக்கு நிறுத்தவில்லை. பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் நானே கெட்டிலை வைத்தேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கெட்டில் விசிலடித்தது. கத்தியது என்றே சொல்ல வேண்டும். அவர் ஒரு சுளையைப் பிரித்து, அதன் நாரை நிதானமாக எடுத்து, வாயில் போட்டுக்கொண்டார். "காதுல என்ன பஞ்சா?" என்று கத்தியபடி அக்கா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "மனசு பாட்டுல இருக்கு. இவருக்குப் பாட்டுன்னா உலகமே மறந்துரும்" என்று என்னிடம் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தம்வரை அத்தான் துணைக்கு வந்தார். காது எப்போதிருந்து இப்படி என்று நேருக்கு நேர் நின்று கேட்டேன். என் கண்ணைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார். எவ்வளவு நாளாக அப்படிப் பார்க்கிறாரோ, அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மூணு வருஷம் இருக்கும். தடிச்ச சத்தம்லாம் கேக்குது. கீச்சுன்னு வர்றதுதான் போயிருச்சு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாளைக்கே வேலைய விடச் சொல்லுவா. பாட்டையும் விடச் சொல்லுவா." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கி கொழந்த அழுதது எனக்கு உன் பேப்பர பாத்துத்தான்லா தெரியும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார். "ஷோவுக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு. அது முடியட்டும். மறுநாளே டாக்டர்கிட்ட போறேன், அக்காகிட்டயும் நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத, சரியா?"

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனுஷர் கெஞ்சினார், வாக்குக் கொடுத்துவிட்டேன், ஐந்து வாரம்தானே என்றெல்லாம். உண்மை என்னவென்றால் அந்த நிகழ்ச்சி எனக்கும் வேண்டியிருந்தது. நான் கண்டுபிடித்த குழு, நான் எழுதிய சத்தம், மேடையில் ஏற வேண்டும். அக்காவின் புருஷனை நினைத்து நான் அன்றைக்கு வாயை மூடவில்லை.

அந்த வாரங்களில் எனக்கு நிம்மதியே இல்லை. அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப் போடும். சாலை கடக்கும்போது அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். கார் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்த முட்டாள் நான். பட்டறையில் என்னென்ன சத்தம் எழும், எதைக் கேட்டு எவன் விலகுவான் என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. நாலாவது வாரம் மண்டபத்தில் பாடினார்கள். அவ்வளவு நன்றாக அவர்கள் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை, எனக்குப் பயமாக இருந்தது.

நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டிரம்ஸ்காரர் எண்ணெய்ச் சட்டையோடு நின்றிருந்தார். மேல்தளத்தில் இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு கிரேன் திரும்பியிருக்கிறது. கீழே நிற்பவர்கள் விலக வேண்டும் என்று சைகை காட்டுகிற ஆள் விசில் ஊதியிருக்கிறான். "மூணு தடவ ஊதுனான். நாங்கள்லாம் ஓடிட்டோம். அவன் மட்டும் முதுக காட்டிட்டு நிக்கிறான். ஏதோ பாட்டு யோசிச்சிருப்பான்லா" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா சுவரில் சாய்ந்தபடி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். உள்ளே அத்தானை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். விசிலா என்று நான் திரும்பக் கேட்டேன். ஆமா, விசில் என்றார்.

அன்றைக்குச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து சொல்லலாம் என்றிருந்தேன், முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றிருந்தேன். அப்புறம் அக்காவுக்கு அந்தக் கதை ஒரு ஊன்றுகோல் ஆகிவிட்டது. பாட்டை நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்த மனுஷர் என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். என் தாளை எடுத்து வாசித்துக் காட்டுவாள். அப்பாவின் பாட்டில் தானும் இருப்பதில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! 'புதுச் சத்தம்' அத்தோடு நின்றது. பாய் ஏன் என்று கேட்டார், நேரமில்லை என்றேன்.

அந்தப் பெண் இப்போது தெம்பனிஸில் இருக்கிறாள், அக்காவும் அவளோடுதான். அவளும் புதுக் குழுக்களைத் தேடி அலைகிறவள். அவர்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பதே அவள் தொழில். அப்பாவின் கேசட் எங்கே, எங்கே என்று வருஷக்கணக்கில் என்னைக் குடைந்து, கடைசியில் போன மாதம் டின்னோடு வாங்கிக்கொண்டாள். அவள் அறையில், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கேசட்டின் இரண்டு சக்கரங்களும் மெதுவாகச் சுற்றின. நீல மை பாதி மங்கிவிட்டிருந்தது, நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

முதல் தடவை கேட்டதும், "சித்தி, செம்மலா! இந்த மாதிரி சவுண்ட் இன்னைக்கிகூட யாரும் பண்ணல" என்றாள். இரண்டாம் தடவை அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மூன்றாம் தடவை பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து மெலிதாகப் பாட்டு கசிந்தது, அழுகையும்.

"கொழந்த அழ ஆரம்பிச்ச எடத்துல டிரம்ஸ் தடுமாறுது. பேஸ்ஸும் கொஞ்சம் தடுமாறுது. அப்பா கை மட்டும் ஒரு எடத்துலகூட தடுமாறல. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் கை ஒரு தடவையாச்சும் நிக்கும், சித்தி. சொந்தப் பிள்ள."

நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினேன்.

"அப்பாவுக்குக் கேக்கலையா?"

"இல்ல" என்றேன். ஆரஞ்சுப் பழம், பேருந்து நிறுத்தம், ஐந்து வாரம், விசில், எல்லாவற்றையும் சொன்னேன். சரி என்று சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பாட்டு முடிந்து நின்றிருந்த கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

அப்போது சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அங்க என்னா பண்றீங்க? காப்பி ஆறிப் போவுது. எத்தன தடவ கூப்பிடுறேன், கேக்கலையா?"

கேட்டது. எங்கள் இருவருக்கும் நன்றாகவே கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனில் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.