மூன்றாம் படியில் பத்து விநாடி

ஆறாம் பக்கத்தின் வலது ஓரத்தில், ராசிபலனுக்குக் கீழே, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல ஒரு கட்டம் இருக்கும். 'இன்றைய தொலைக்காட்சி' என்று தலைப்பு. புதுச்சேரி நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை அந்தக் கட்டம்தான். சென்னையிலிருந்து ஃபேக்ஸில் வரும் பட்டியலைப் பார்த்து, நேரத்தையும் நிகழ்ச்சியின் பெயரையும் வரிசையாக எழுதித் தரவேண்டும். அலுவலகத்தில் யாரும் மதிக்காத வேலை. ஆனால் தலையங்கத்தில் பிழை வந்தால் வராத தொலைபேசி அழைப்புகள், அந்தக் கட்டத்தில் ஒரு வரி பிசகினால் வந்துவிடும். குறிப்பாக இரவு எட்டரை மணி வரி.

வாரத்தில் ஐந்து நாளும் எட்டரைக்கு 'பத்துப் படி', வினாடி வினா. போட்டியாளர் சரியான விடை சொன்னால் ஒரு படி ஏறுவார். உண்மையிலேயே படிகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிறு விளக்குகள். மேலே ஏறியவருக்குப் பரிசு, தவறியவருக்கு ஒரு கைகுலுக்கல். வேலை முடிந்து உப்பளம் பகுதி வழியாக நடந்து வீட்டுக்குப் போகும்போது தெருவில் ஆளிருக்காது. ஒரு வீட்டின் ஜன்னலில் கேள்வியைக் கேட்டு, நாலு வீடு தள்ளி விடையைக் கேட்டிருக்கிறேன். எல்லா வீடுகளிலும் ஒரே குரல், ஒரே கைத்தட்டல். அப்போது அது எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவரை எல்லோரும் புரூப் சார் என்றே அழைத்தோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். மில் தொழிலாளியின் மகன். உப்பளத்தில் வரிசை வீடுகளில் கடைசிப் போர்ஷனில் தனியாக இருந்தார். பச்சை மையில் திருத்துவார். மற்றவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், அவர் விஷயத்தையும் பார்ப்பார். ஒரு அமைச்சரின் வயதை நான் மூன்று வருடம் கூட்டி எழுதியபோது ஓரத்தில், "அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று எழுதி அனுப்பினார். தினமும் காலையில் அச்சான நாளிதழை மறுபடி படித்து, தப்பிய பிழைகளை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் பொறுப்பானவர் பெயரையும் போடுவார். அந்த நோட்டில் என் பெயர் நிறைய உண்டு. அவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு மனைவி இருந்தார் என்பதையே நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்தின் பெண். சொல்தா வீடு என்பார்கள் இங்கே. அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. திருமணம் சரிப்படாமல் அந்த அம்மாள் தன் அண்ணனோடு பாரீஸ் பக்கம் போய்விட்டார். ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு போனார். சில வருடம் கடிதம் வந்தது. பிறகு இவர் எழுதியவை 'முகவரியில் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது சென்னைக்குப் போகும் பேருந்தில்.

'பத்துப் படி'க்கு அஞ்சலட்டையில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் வாரம் ஒன்று போட்டிருக்கிறார், ஒன்றரை வருடமாக. அலுவலகத் தொலைபேசிக்குத்தான் அழைப்பு வந்தது. கூட ஒருவரை அழைத்து வரலாம், பார்வையாளர் வரிசையில் உட்கார வைப்போம் என்றார்கள். அவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏம்மா, வியாழக்கிழமை உனக்கு லீவுதானே?" என்றார்.

அதற்கடுத்த நாட்களில் அவர் மீசை வளர்க்க ஆரம்பித்தார். அதுவரை மழித்த முகம்தான். செய்திகளை ஒட்டிப் பக்கம் கட்டுகிறவர் சும்மா இருப்பாரா? "என்ன சார், படி ஏறதுக்கு மீசை எதுக்கு? புடிச்சிக்கவா?" என்று கேட்டார். புரூப் சார் சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார்.

பேருந்து கோட்டக்குப்பம் தாண்டியதும் அவராகவே சொன்னார். "பாப்பா போறப்ப எனக்கு மீசை இருந்துச்சும்மா. மீசை இல்லாம பாத்தா அடையாளம் தெரியாது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் விளக்கினார். அவர் தெருவில் ஒரு சொல்தாவின் மகன் பாரீஸிலிருந்து வந்திருந்தபோது சொன்னானாம்: அங்கே நம் ஆட்கள் வீட்டு பால்கனியில் எல்லாம் குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி டிஷ் இருக்கிறது, வேலை விட்டு வந்தால் எல்லோரும் நம் டிவிதான், 'பத்துப் படி'யை யாரும் விடமாட்டார்கள்.

"அவளுக்கு இப்ப பத்தொம்பது. பாக்காமயா இருப்பா?"

"நீங்க ஏன் சார் தேடக் கூடாது? விலாசம் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமா? நான் விசாரிக்கிறேன்" என்றேன். ஆள் தேடுவது பத்திரிகைக்காரிக்குப் பழக்கம்தான்.

"வேணாம்மா. நான் தேடிப் போயி நின்னா அவ என்ன செய்வா, பாவம்? வாங்கன்னுதான் சொல்லணும். அவளா பாத்து, அவளா வரணும்னு தோணணும். நான் இருக்கற எடத்த மட்டும் சொல்லிடணும். அவ்ளோதான்."

சென்னையில் படப்பிடிப்புத் தளம் நான் நினைத்ததைவிடச் சிறியது. படிகள் பலகையால் ஆனவை, ஏறினால் கிறீச்சிட்டன. எப்போது தட்ட வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று கையசைத்துக் காட்ட ஒருவர் இருந்தார். தொகுப்பாளர் பளபளக்கும் கோட்டு போட்டிருந்தார். என்னைக் காட்டி, "சார், கூட வந்திருக்கறவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"அவங்க தப்பு எழுதறவங்க. நான் திருத்தறவன்."

கையசைக்காமலேயே கூட்டம் சிரித்தது. அன்று அங்கே இயல்பாக வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

மூன்று படிகளை மூச்சு விடுவதற்குள் ஏறினார். நாலாவது கேள்வி: கிராம ஊராட்சிகள் பல சேர்ந்த அமைப்பின் பெயர் என்ன? அவர் யோசிக்கவே இல்லை.

"கொம்யூன்."

தொகுப்பாளர் அட்டையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "என்ன சார், கம்யூனிஸ்டா நீங்க?"

கைகாட்டுகிறவர் கையை உயர்த்தினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டேன்.

"இல்லீங்க, கொம்யூன் பஞ்சாயத்து. வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன்னு ஆபீஸ் வாசல்ல போர்டே இருக்குது."

"எந்த ஊர்ல சார்?"

"பாண்டிச்சேரிங்க."

"அங்க சரியா இருக்கலாம். எங்க அட்டையில ஊராட்சி ஒன்றியம்னுதானே போட்டிருக்கு!"

கேள்வி தமிழ்நாட்டுக்காக எழுதப்பட்டது. கோரிமேட்டில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் விடை மாறிவிடும் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. புரூப் சார் மேலும் வாதாடுவார் என்று நினைத்தேன். அமைச்சரின் வயதுக்கே விடாதவர். ஆனால் சட்டென்று தலையாட்டி ஒத்துக்கொண்டார். தோற்றவர் இறங்குவதற்கு முன், வீட்டில் இருப்பவர்களுக்குக் கேமராவைப் பார்த்து ஏதாவது சொல்லலாம், பத்து விநாடி. அவர் ஏறியதே அதற்காகத்தான்.

மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா, அப்பா உப்பளத்துல அதே வீட்லதான் இருக்கேன். எங்கயும் போவல. அதே வீடுதான்."

இன்னும் நேரம் மிச்சமிருந்தது. கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை ஒளிபரப்பாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நாலு வாரமும் அவர் திருத்தங்கள் கொஞ்சம் கனிவாக இருந்ததாக எனக்கு நினைவு.

அந்த வியாழக்கிழமைக்கான பட்டியல் புதன்கிழமை மதியம் வந்தது. எட்டரை மணிக்கு எதிரே ஒரு மெகா தொடரின் பெயர் இருந்தது. சென்னைக்குப் போன் போட்டேன். 'பத்துப் படி'யை நிறுத்தியாகிவிட்டது, நாளையிலிருந்து அந்த நேரத்துக்கு வாரம் ஐந்து நாளும் தொடர்தான் என்றார் எடுத்தவர். எடுத்து வைத்த பகுதிகள் என்ன ஆகும் என்று கேட்டேன். "டேப்ப சும்மா வெப்பாங்களா மேடம்? அதும் மேலயே வேற பதிவு பண்ணிடுவாங்க" என்றார்.

புரூப் சாரிடம் போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. தொடரின் பெயரை எழுதிப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். மெய்ப்பில் அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டது கோழைத்தனம்தான். மூன்று மணிக்குத் தாள் திரும்பி வந்தது. தொடரின் பெயர் பச்சைக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் அவருடைய அச்சு போன்ற கையெழுத்தில் 'பத்துப் படி'. நான் கை தவறி எழுதிவிட்டேன் என்று எண்ணினாரா, அல்லது அறிந்தே திருத்தினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பக்கம் கட்டுகிறவர் ஃபேக்ஸையும் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டுல எதம்மா வெக்கறது?"

"சார் திருத்தினத வையுங்க" என்றேன். என் பணிக்காலத்தில் பிழை என்று தெரிந்தே நான் அச்சுக்கு அனுப்பிய ஒரே வரி அது.

வியாழன் மாலை பக்கத்துப் போர்ஷனில் அவருக்காக முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். எட்டரைக்கு ஒரு பெண் மாடிப்படியில் நின்று அழுதாள், பின்னணியில் வீணை. "இருங்க, விளம்பரம் முடிஞ்சி போடுவான்" என்றார் அந்த வீட்டு அம்மாள். விளம்பரம் முடிந்து அதே பெண் மறுபடி அழுதாள். கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்த அம்மாள் தொடரில் மூழ்கிவிட்டார். டேப் பற்றி நான் புரூப் சாரிடம் மெதுவாகச் சொன்னேன். "மேலயே பதிவு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே, "அப்ப அடியில நான் இருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை நோட்டில் அந்தப் பிழை ஏறியிருந்தது. ஆறாம் பக்கம், தொலைக்காட்சி, எட்டரை மணி. பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். வாசகர்கள் அழைப்பார்கள் என்று நான் தொலைபேசி அருகிலேயே இருந்தேன். ஒருவர்கூட அழைக்கவில்லை. புதன்கிழமை வரை தெருவைக் காலி செய்த நிகழ்ச்சி காணாமல் போனதை ஊரில் எவரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

பிறகு அந்த மாதிரி நிகழ்ச்சிகள் வந்து வந்து போயின. இப்போது படி ஏறுகிறவர்கள் நடிகர்கள், பாடகர்கள், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவர்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புரூப் சாருக்கு எழுபது தாண்டிவிட்டது. வரிசை வீடுகளில் மற்ற குடித்தனங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு போன பிறகும் அவர் மட்டும் கடைசிப் போர்ஷனில் இருந்தார். மழைக்குக் கூரை ஒழுகும்போது வேறு வீடு பார்க்கலாமே என்பேன். "சொல்லிட்டேனேம்மா" என்பார். டிவியில் அது வரவே இல்லையே சார் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "வரலன்னா என்ன? சொன்னது சொன்னதுதானே" என்றார்.

போன மாதம் அவரே என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரின் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள், அடுக்குமாடி வரப்போகிறது. புதுச்சேரியிலேயே கதிர்காமத்தில் ஓர் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். சாமான்கள் அதிகமில்லை, ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். வெறும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறையைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றுமில்லை. கவலை வேறு.

"பேப்பர்ல தப்பு வந்தா, வந்த பக்கத்துலயேதான் திருத்தம் போடணும். வேற பக்கத்துல போட்டா அந்த வாசகருக்கு எப்பிடித் தெரியும்? டிவில சொன்னத டிவிலதான் மாத்திச் சொல்லணும். இப்ப எங்கம்மா போயி ஏறது?"

கைபேசியை எடுத்தேன். இதிலேயே பேசுங்கள் சார், நான் பதிவு செய்து இணையத்தில் போடுகிறேன், பாரீஸில் என்ன, எந்த நாட்டிலும் பார்க்கலாம் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்றார். மீசை முழுக்க வெளுத்திருந்தது.

"பாப்பா, அப்பா உப்பளத்துல இல்ல. கதிர்காமத்துக்குப் போறேன்." தெருப் பெயரையும் கதவெண்ணையும் இரண்டு முறை சொன்னார், மெய்ப்புப் படிப்பது போல நிறுத்தி நிறுத்தி. அவ்வளவுதான்.

பதிவை ஓட்டிக் காட்டினேன். எழுத்துப் பிழை தேடுவது போலக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"எத்தினி மணிக்கும்மா வரும்?"

"மணியெல்லாம் கிடையாது சார். எப்ப வேணும்னாலும் பாக்கலாம். யார் வேணும்னாலும் பாக்கலாம்."

கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மணியே இல்லன்னா, அவ எப்பம்மா வந்து உக்காருவா?"