டைனமோவில் விழித்த போன்

என் சைக்கிள் டைனமோவில் போன் சார்ஜ் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று காலை அதில் சார்ஜ் ஏறியது என் போன் இல்லை.

ஓரிக்கையில் பாலாற்றங்கரையோரம் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர், அணைந்துபோன ஒரு போனைக் காட்டி நிறுத்தினார்.

"இதுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏத்துபா. ஆத்தோரம் கெடந்துது. பக்கத்துல பொம்பள செருப்பு ஒரு ஜோடி இருக்குது."

ஸ்டாண்டு போட்டு நின்ற இடத்திலேயே மிதித்தேன். ஆற்றில் இந்த வாரம் தண்ணீர் அதிகம். அந்தப் பக்கம் பார்க்காமல் மிதித்தேன்.

இரண்டு சதவீதத்தில் போன் விழித்தது. உடனே அழைப்பு: 'அம்மா'.

"நீயே பேசுபா" என்றார் மாட்டுக்காரர்.

எடுத்தேன்.

"எங்கடி போன? ராத்திரிலேர்ந்து அடிச்சுக்கினே இருக்கேன்!"

"அம்மா, போன் மட்டும்தான் கெடச்சுது" என்று சொல்லி, இடத்தையும் சொன்னேன். செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்த அம்மா ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறார். போலீசுக்கும் சொல்லியாயிற்று. மாட்டுக்காரர் கரையோரமாகத் தேடிக்கொண்டு போகிறார். அந்த அம்மா மறுபடி அழைத்தால் போன் அணைந்திருக்கக் கூடாதே என்று மிதித்தபடியே இதை எழுதுகிறேன்.

செவிலிமேடு, ஓரிக்கை பக்கம் இருப்பவர்கள் யாராவது உடனே வாருங்கள். அந்த அம்மா வந்து இறங்கும்போது பேசத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். எனக்கு மிதிக்க மட்டும்தான் தெரிகிறது.