ஒற்றைக் கார்டுக் கேமராவும் நான்கு கல்யாணங்களும்

கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாகக் கை நடுங்குவது போட்டோக்காரருக்குத்தான். மாப்பிள்ளைக்காவது அது ஒரு நாளோடு போய்விடுகிறது. நமக்கு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புதிதாக நடுங்குகிறது. கேமராவைக் கழுத்தில் மாட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா. பதினோரு வருஷம் பெரிய கேமராவைத் தூக்கியதில் வலது தோள் கெட்டுப்போனது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தோளா கேமராவா என்று முடிவு பண்ணச் சொன்னார். தோளை வைத்துக்கொண்டேன். பழையதைக் கடையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி வந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடையே இல்லை. மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் படம் பளிச்சென்று வருகிறது. எதிரே நிற்பவரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்கிறது. துளி சத்தம் கிடையாது. கெட்டது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது ஒன்பதுக்குச் சமம். பழைய கேமராவில் கார்டு போட இரண்டு இடம் இருந்தது. எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். ஒன்று மண்டையைப் போட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். இதில் ஒரே ஒரு கார்டு. தெரிந்தேதான் வாங்கினேன். தெரிந்து வாங்கினால் பயம் குறையும் என்று யார் சொன்னது?

ஆவணியில் செல்வராஜ் அண்ணன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அண்ணன் வீடியோ எடுப்பவர். பதினோரு வருஷமாக ஒரே மேடையில் என் பக்கத்தில் நிற்பவர். "நம்ம பாப்பா கல்யாணத்துக்கு நீதான் போட்டோ" என்று கவிதா பாவாடை சட்டையில் திரிந்த காலத்திலேயே சொல்லிவைத்துவிட்டார். அதற்கு முன் என் கையில் மூன்று கல்யாணங்கள் இருந்தன. அந்த மூன்றுக்குள் இந்தக் கேமராவின் யோக்கியதையைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பை மட்டும் பெரிது

முதல் கல்யாணம் நல்லம்பள்ளிப் பக்கம். நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். மண்டபத்தில் நுழைந்து கேமராவை வெளியே எடுத்ததும் பெண்ணின் சித்தி என் கையையே பார்த்தார். பார்த்த பார்வையில், டூர் போகிற பிள்ளைகள் கொண்டுபோகிற சாமான் இது என்ற முடிவு தெரிந்தது. பழைய கேமராவின் பை வண்டியில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான். எந்தத் தோளுக்காகக் கேமராவை மாற்றினேனோ அதே தோளில் வெறும் பையைச் சுமந்துகொண்டு நாலு மணி நேரம் நின்றேன்.

பை வேலை செய்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படங்களும் நன்றாக வந்தன. மனசு லேசாகி, சாப்பிட உட்காரலாம் என்று போகும்போது பெண்ணின் பெரியப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தங்கமான மனுஷர். அவ்வளவு நேரமும் மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. பைக்குள்ள இருக்கற பெரிய கேமராவ எப்பங்க வெளிய எடுப்பீங்க? தாலி கட்டி முடிஞ்சிருச்சுங்களே."

சத்தம் வராத குற்றம்

சத்தமில்லாததை நான் பெரிய வரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் கோயிலில் பூசை நடக்கும்போது பழைய கேமரா 'டப் டப்' என்று அடித்தால் ஃபாதர் பீடத்திலிருந்தே ஒரு பார்வை பார்ப்பார். இனி அந்தப் பார்வை இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு பழக்கம் இருக்கிறதே, அது எனக்கு மறந்துபோனது. தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனதும் மாப்பிள்ளை அப்படியே நிறுத்துவார். கேமரா அடித்து ஓய்ந்த பிறகுதான் முடிச்சு. யார் ஆரம்பித்தார்களோ, இன்று எல்லா மாப்பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள்.

இரண்டாவது கல்யாணத்தின் மாப்பிள்ளையும் நிறுத்தினார். நான் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் கட்டவில்லை. மேளக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். அட்சதையை எல்லோரும் வீசித் தீர்த்துவிட்டார்கள். பெண் குனிந்த தலை நிமிரவில்லை. ஐயர் வாட்சைப் பார்க்கிறார். பெண்ணைப் பிடிக்காமல் நிற்கிறாரோ என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கெஞ்சுகிற மாதிரி. பக்கத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த செல்வராஜ் அண்ணன்தான் முதலில் புரிந்துகொண்டு, "கட்டுங்க மாப்ள, எடுத்தாச்சு!" என்று கத்தினார். பந்தியில் மாப்பிள்ளை என்னைப் பார்த்து வெட்கத்தோடு சொன்னது இது: "சத்தமே வரலீங்கக்கா. நீங்க இன்னும் எடுக்கலன்னு நெனச்சு, கை மரத்துப்போற வரைக்கும் புடிச்சுட்டு நின்னேன்."

தொப்பூர் வளைவில்

மூன்றாவது ஜோடி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வெளியே போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். மலை தெரிய வேண்டும், ரோடு வளைய வேண்டும், தொப்பூர்தான் வேண்டும். வைகாசி வெயில். பெண்ணுக்கு எடுக்க எடுக்கப் படம் ஃபோனில் வர வேண்டும், உடனே ஸ்டேட்டஸ் வைக்க. இந்தக் கேமராவில் அதற்கும் வழி உண்டு. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னப் பிரதி தானாகவே என் ஃபோனுக்கு வந்துவிடும், அங்கிருந்து அவளுக்கு அனுப்பலாம். நான் அதைப் போட்டுவிட்டேன். அன்றோடு சனி பிடித்தது. அதை எங்கே நிறுத்துவது என்று பிறகு தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. என் ஃபோனில் ஊரார் கல்யாணமெல்லாம் வந்து குவிந்தது.

உச்சி வெயிலில் ஒரு சின்ன வீடியோ எடுத்ததும் கேமரா சூடேறித் தானே அணைந்துபோனது. டீக்கடை நிழலில் ஈரத்துணி பட்டும் படாமல் வைத்து ஆற்றினேன், காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்வது போல. உயிர் வந்ததும் அவசரம். பெண்ணின் கண்மேல் பச்சைக் கட்டம் ஒட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது, அவள் எங்கே நடந்தாலும் கூடவே போகிறது. அந்த அழகில் மயங்கி, திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். ஹாரன் சத்தம் காதுக்குள் வெடித்தது. டீக்கடைக்காரர் என் பை வாரைப் பிடித்து இழுத்ததில் முள்ளில் விழுந்தேன். நான் நின்ற இடத்தைத் தடவிக்கொண்டு லாரி போனது. அரை மணி நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கேமரா கண்ணைத் தேடிப் பிடிக்கிற கதையைச் சொன்னேன். டீயைக் கையில் கொடுத்து அந்த மனுஷர் சொன்னார்: "பொட்டிக்குத்தான் கண்ணத் தேடத் தெரியுதுன்னு சொல்ற. பின்னால ரோட்டப் பாக்க உனக்கு ஒண்ணு வேணாமா தாயி?"

அந்தத் தெரு

கவிதா கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் செல்வராஜ் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். பத்திரிகையெல்லாம் வைத்து முடித்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காராமல் கேமராவைக் கையில் வாங்கி, கார்டு போடும் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். இன்னொரு இடம் முளைத்திருக்கும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

"யாராச்சும் ரெண்டு கார்டு கேமரா குடுத்தா வாங்கிக்கறயா ஸ்டெல்லா?" என்றார். கேட்டுப் பார்த்தேன் அண்ணா, முகூர்த்த நாள், எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள் என்றேன். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். பிறகு, பதினோரு வருஷத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். நான் தொழிலுக்கு வருவதற்கு முன்பு, அவர் தனியாக எடுத்த ஒரு கல்யாணத்தின் படம் முழுதாக அழிந்துபோயிருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா சண்டை போடவில்லை, திட்டவில்லை, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாராம். போகும்போது அண்ணன் சொன்னது இது: "உனக்கு ஆவக்கூடாதுன்னுதான் சொல்றேன். நான் இன்னைக்கும் அந்தத் தெருவுல வண்டி ஓட்டறதில்ல."

ஆவணி முகூர்த்தம்

பயத்தில் செய்கிற காரியம்தான் பயப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. காலையில் முகூர்த்தத்துக்கென்றே புத்தம் புதுக் கார்டு ஒன்றைப் பிரித்துப் போட்டேன், பழசு காலை வாரிவிடக்கூடாதென்று. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே, நான் தலையாட்டினதும் கட்டுங்க என்று சொல்லிவைத்தேன். ஆட்டினேன். கட்டினார். மூன்றாவது முடிச்சை அவர் அக்கா போட்டார். கவிதா கண் கலங்கிச் சிரித்தாள். எல்லாவற்றையும் எடுத்தேன். மெட்டி போட உட்கார்ந்தபோது திரையில் ஒரு வரி வந்து நின்றது. கார்டைப் படிக்க முடியவில்லை.

கழற்றிப் போட்டேன். அதே வரி. துடைத்துப் போட்டேன். அதே வரி. கை தன்னால் வேறு கார்டை மாற்றி மெட்டியை எடுத்தது. மீதி உடம்பு என்னிடம் இல்லை. வீடியோவுக்கு வேறு ஆள் வந்திருந்தார்தான். ஆனால் வீடியோவைச் சுவரில் மாட்ட முடியாது. ஒரு சாக்குச் சொல்லி சாமான் அறைக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். இனி எந்தத் தெருவில் நான் வண்டி ஓட்டக்கூடாது என்று நினைத்தேன். அண்ணன் வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. செபம் சொல்லப் பார்த்தேன், பாதியில் வரி மறந்தது. இடுப்புப் பையில் ஃபோன் சூடாக உறுத்தியது. எடுத்தேன். நான் நிறுத்தத் தெரியாமல் விட்டுவைத்த அந்தச் சனி, தாலி முடிச்சு மூன்றையும், அட்சதையையும், கவிதாவின் சிரிப்பையும் ஒன்று விடாமல் சின்னச் சின்னதாகக் கொண்டுவந்து வைத்திருந்தது. அழுதுவிட்டேன். ஆல்பத்துக்குப் போதும். சுவரில் பெரிதாக மாட்டுவதற்குப் போதாது. கார்டை மீட்டுத் தருகிறவரிடம் பிறகு கொடுத்துப் பார்த்தேன், அவரும் கைவிரித்துவிட்டார்.

மறைத்திருக்கலாம். கடைசிப் பந்தி முடிந்ததும் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபோனை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் நானும் கவனித்தேன். படத்தில் மேடையிலிருந்த அத்தனை பேரும் தாலியைப் பார்க்கிறார்கள். கவிதாவின் அம்மா பார்க்கிறார், ஐயர் பார்க்கிறார், மேளக்காரர்கூட எட்டிப் பார்க்கிறார். அண்ணன் ஒருவர் மட்டும் எல்லாப் படத்திலும், கூப்பிய கையோடு, முகம் வெளிறிப்போய், நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எம்பொண்ணுக்குத் தாலி ஏறுனத நான் பாக்கவே இல்ல ஸ்டெல்லா, உன் கேமரா வேலை செய்யுதான்னுதான் பாத்துட்டு நின்னிருக்கறேன். எத்தன பெருசு வருமோ அத்தன பெருசாப் போட்டுக் குடு, இனிமேட்டாவது பாத்துக்கறேன்."

புதுக் கேமராவின் நிறைகுறையை யாராவது கேட்டால் இனி ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: தோளில் இருந்த பாரம் நிச்சயமாகக் குறைந்திருக்கிறது, குறைந்தது முழுக்க நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது.